ஏல மேசையும் ஆடுகளமும்: தமிழ் தலைவாஸின் நல்ல தேர்வு எது, மோசமான தேர்வு எது?

1. சிக்கல்

2 கோடியே 26 லட்சம் ரூபாய். 2022 ஆகஸ்ட் மாதம் மும்பையில் நடந்த ஏலத்தில் கபடி வீரர் பவன் ஷெராவத்துக்காக தமிழ் தலைவாஸ் அணி கொடுத்த விலை இது. புரோ கபடி லீக்கில் அதுவரை எந்த வீரருக்கும் இவ்வளவு பெரிய தொகை தரப்பட்டதில்லை. அக்டோபர் 8 அன்று பெங்களூருவில் குஜராத் ஜெயன்ட்ஸ் அணிக்கு எதிராக அவர் தலைவாஸுக்காகக் களமிறங்கினார். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே முழங்காலில் அடிபட்டது. தூக்கிச் செல்லப்பட்டவர் அந்தப் பருவத்தில் மீண்டும் ஆடவில்லை.

‘தலைவாஸ் எடுத்த முடிவுகளிலேயே மோசமானது எது?’ என்ற பேச்சு எழுந்தால் ரசிகர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இந்தப் பதிலில் ஓர் இடறல் இருக்கிறது. 2017இல் லீக்கில் நுழைந்ததிலிருந்து பட்டியலின் அடியிலேயே கிடந்த அணி, முதன்முதலாக அரையிறுதி வரை போனது பவன் இல்லாத அதே 2022 பருவத்தில்தான். மிக மோசமான தேர்வும் மிகச் சிறந்த பருவமும் ஒரே ஆண்டில் எப்படிச் சேர்ந்தன?

இப்படிப்பட்ட கேள்விகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திண்டிவனம்–மரக்காணம் சாலையில், பாறைக் கீறல்களுக்கும் மலைக்கோயிலுக்கும் பெயர்பெற்ற பெருமுக்கல்லிலும் அதைச் சுற்றியுள்ள விழுப்புரம் மாவட்ட ஊர்களிலும் கபடி தெரியாத வீடு குறைவு. பொங்கலையொட்டிய போட்டிகளில் எந்த ஊர் செட்டுக்கு எந்த ஆட்டக்காரர் வருகிறார், வெளியூர் ஆளை இறக்கியது சரியா என்ற வாதம் புரோ கபடிக்கு வெகுகாலம் முன்பிருந்தே நடப்பது. தொலைக்காட்சி லீக் வந்தபின் அந்த வாதத்துக்கு விலைப்பட்டியல் ஒன்று சேர்ந்துகொண்டது. ஒரு தேர்வை நல்லது, மோசமானது என்று சொல்ல எந்த அளவுகோல் ஏற்றது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

2. டிராஃப்டும் ஏலமும்

இவ்வகை வாதம் அமெரிக்கக் கூடைப்பந்திலும் உண்டு. அங்கே என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை டிராஃப்ட் என்ற முறையில் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்வாய்ப்பு கிடைக்கும். தேர்வு செய்யப்படும் இடத்தைப் பொறுத்துச் சம்பளமும் பெரும்பாலும் அமைந்துவிடும். எனவே ரசிகரின் கேள்வி எளிமையானது: அவரை எடுத்த இடத்தில் இவரை எடுத்திருக்கலாமே?

ஏலத்தில் இந்தக் கேள்வி இரட்டிப்பாகிறது. யாரை எடுத்தார்கள் என்பதோடு என்ன விலைக்கு எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் செலவு வரம்பு உண்டு. 2022இல் புரோ கபடி அணி ஒன்றின் மொத்தச் சம்பள வரம்பு 4.4 கோடி ரூபாய். பவனுக்குப் போனது அதில் பாதிக்கும் சற்று அதிகம். மீதமிருந்த தொகைக்குள்தான் மற்ற எல்லாரையும் அடக்கியாக வேண்டும்.

ஏலத்துக்கு வெளியே மூன்றாவது வாசல் ஒன்றும் இருக்கிறது. புதிய இளம் வீரர்கள் என்ற பிரிவில், இன்னும் பெயர் வாங்காத ஆட்டக்காரர்களைச் சில லட்சங்களில் அணிகள் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தொலைக்காட்சியில் சுத்தியல் தட்டப்படாத இந்தத் தேர்வுகளை ரசிகர் வாதம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. பின்னால் வரும் சான்றுகளில் இவற்றுக்குப் பெரிய இடம் உண்டு.

3. போர்ட்லாந்து வழக்கு

விளையாட்டு வரலாற்றில் மிக அதிகமாக ஏசப்பட்ட தேர்வுகளில் ஒன்று 1984ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டு டிராஃப்டில் ஹூஸ்டன் அணி முதலாவதாக ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாம் வாய்ப்பு பெற்ற போர்ட்லாந்து, உயரமான நடுக்கள வீரர் சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக வந்த சிகாகோவுக்கு மிஞ்சியவர் மைக்கேல் ஜோர்டன். ஜோர்டன் சிகாகோவுக்கு ஆறு கோப்பைகள் வென்று கொடுத்தார். முதல் பருவத்தில் ஒழுங்காக ஆடிய போவி, அதன்பின் கால் எலும்பு முறிவுகளால் அடுத்த நான்கு பருவங்களில் போர்ட்லாந்துக்காக வெறும் 63 ஆட்டங்களில்தான் ஆடினார்.

போர்ட்லாந்தின் அன்றைய கணக்கைப் பார்த்தால் தீர்ப்பு இவ்வளவு எளிதாக இருக்காது. ஜோர்டனின் இடத்தில் ஆடக்கூடிய கிளைட் டிரெக்ஸ்லரை முந்தைய ஆண்டே, 14ஆவது தேர்வாக, அந்த அணி எடுத்திருந்தது. குறையாக இருந்தது நடுக்களம். அதே சமயம் போவி கல்லூரிக் காலத்திலேயே கால் எலும்புக் காயத்தால் இரண்டு பருவங்களை இழந்தவர். இது அனைவரும் அறிந்த செய்தி. மருத்துவப் பரிசோதனையின்போது வலி இருந்தும் இல்லை என்று சொன்னதாக 2012இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில் அவரே கூறினார். ஆகவே போர்ட்லாந்தின் மீது மூன்று வெவ்வேறு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஜோர்டனின் ஆற்றலைக் குறைத்து மதித்தது ஒன்று. தெரிந்த காய வரலாற்றைப் பொருட்படுத்தாதது இன்னொன்று. தேவையை முன்னிறுத்தித் திறமையைப் பின்தள்ளியது மூன்றாவது. மூன்றுக்கும் பொறுப்பின் அளவு ஒன்றல்ல. ரசிகர் தீர்ப்பு இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

ஜோனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு இந்தப் பழக்கத்தைச் சோதித்தது. ஒரே தகவலை வைத்து எடுக்கப்பட்ட ஒரே முடிவை, விளைவு நன்றாக அமைந்தபோது மக்கள் உயர்வாகவும் கெட்டுப்போனபோது தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். விளைவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டவர்களும் இதற்கு விலக்காக இல்லை. முடிவெடுத்தவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதே நியாயமான அளவு என்று இதிலிருந்து வாதிடலாம்.

இந்த அளவில் பவன் தேர்வு எப்படி நிற்கிறது? 2018இல் பெங்களூரு புல்ஸ் அவரை 52.8 லட்சத்துக்கு வாங்கியது. அந்தப் பருவத்தில் அவர் ரெய்டில், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று, 271 புள்ளிகள் எடுத்தார். பெங்களூரு கோப்பை வென்றது. அடுத்த இரு பருவங்களிலும் 300 புள்ளிகளைத் தாண்டினார். தலைவாஸோ தரமான முன்னணி ரெய்டர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. போவிக்கு இருந்ததுபோல் எல்லாரும் அறிந்த காய வரலாறு பவன் விஷயத்தில் பேசப்படவில்லை. முழங்கால் காயம் முன்கூட்டிப் பார்த்திருக்கக்கூடியதல்ல என்றால், அந்தக் காயத்தை வைத்து மட்டும் இந்த வாங்கலை மோசம் என்று சொல்ல முடியாது. சொல்வதானால் விலையை வைத்தே சொல்ல வேண்டும்.

4. எட்டு ஏலங்களின் சாட்சியம்

அதிக விலை கொடுப்பது தன்னளவில் தவறா? 2017 முதல் 2025 வரை நடந்த எட்டு பெரிய ஏலங்களையும் ஒவ்வொன்றிலும் உச்ச விலை கொடுத்த அணியையும் பார்க்கலாம். 2017இல் உ.பி. யோத்தா நிதின் தோமருக்கு 93 லட்சம் கொடுத்தது. 2018இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் மோனு கோயத்துக்கு 1.51 கோடி கொடுத்து தன் மண்டலத்தில் கடைசியாக வந்தது. 2019இல் சித்தார்த் தேசாய்க்கு 1.45 கோடி கொடுத்த தெலுங்கு டைட்டன்ஸும் பின்வரிசையிலேயே முடித்தது. 2021இல் பிரதீப் நர்வாலை 1.65 கோடிக்கு வாங்கிய உ.பி. யோத்தா அரையிறுதி சேர்ந்தது. 2022இல் தலைவாஸ். 2023இல் அதே பவனுக்கு 2.605 கோடி கொடுத்த தெலுங்கு டைட்டன்ஸ், 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளுடன் பன்னிரண்டாவது இடத்துக்குப் போனது. 2024இல் மீண்டும் தலைவாஸ்: சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, கிடைத்தது ஒன்பதாவது இடம். 2025இல் ஈரானிய வீரர் மொஹம்மத்ரெசா ஷாத்லூயிக்கு 2.23 கோடி கொடுத்த குஜராத், முதல் எட்டு அணிகளுக்குள்ளும் வரவில்லை.

எட்டு ஏலங்கள், உச்ச விலை கொடுத்த அணி ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடவில்லை. ‘காஸ்ட்லி ஆளை எடுத்தால் கப் வராது’ என்ற பேச்சுக்கு இது பலமான ஆதாரம்போல் தெரியும். அப்படியே ஏற்பதற்கு முன் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது எளிய நிகழ்தகவு. பன்னிரண்டு அணிகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சுட்டிக்காட்டினால், அது கோப்பை வெல்லாதிருக்கும் வாய்ப்பு பன்னிரண்டில் பதினொன்று. எட்டு முறையும் தவறிப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. அதாவது உச்ச விலைக்கும் கோப்பைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் இந்த வரலாறு இப்படியே அமைய சரிபாதி வாய்ப்பு உண்டு. சாபம் என்று சொல்ல எட்டு தரவுகள் போதா.

இரண்டாவது, யார் பெரும் விலை கொடுக்கிறார்கள் என்பது. முந்தைய பருவத்தில் வென்ற அணி தன் முக்கிய வீரர்களைத் தக்கவைத்துக்கொள்கிறது; அதன் பையில் பணம் குறைவு. தோற்ற அணி வீரர்களை விடுவித்துவிட்டு நிரம்பிய பையோடு ஏலத்துக்கு வருகிறது. எனவே உச்ச விலை என்பது பலவீனத்தின் காரணமாக இருப்பதைவிட அதன் அறிகுறியாக இருக்கக்கூடும். 2021 பருவத்தை பதினோராம் இடத்தில் முடித்த தலைவாஸ்தான் அடுத்த ஆண்டு பவனை வாங்கியது.

இருந்தாலும் அதிக விலை பற்றிய ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. கடலடி எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் 1971இல் ஒன்றைக் கவனப்படுத்தினார்கள். ஒரே பொருளைப் பலர் மதிப்பிடும்போது, மிக அதிகமாக மதிப்பிட்டவரே ஏலத்தை வெல்கிறார். ஆகவே வென்றவர் உண்மை மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கும் வாய்ப்பு பெரிது. இதை வென்றவரின் சாபம் என்கிறார்கள் பொருளியலாளர்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், கேட் மாஸியுடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டுக்கு நீட்டித்தது. முதல் சில தேர்வுகளுக்கு அணிகள் தரும் மதிப்பு, அந்த வீரர்கள் விலைக்கேற்பத் திருப்பித் தருவதைவிட அதிகம் என்று அவர்கள் காட்டினார்கள். நல்ல வீரர்கள் என்பதில் ஐயமில்லை. அந்த விலைக்கு நல்லவர்களா என்பதுதான் கேள்வி.

5. தலைவாஸின் கணக்குப் புத்தகம்

இந்த அளவுகோல்களோடு தலைவாஸின் வரலாற்றுக்குள் போகலாம். சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவராகவும் கமல்ஹாசன் விளம்பரத் தூதராகவும் இருக்க, 2017இல் பெரும் ஆரவாரத்தோடு அணி தொடங்கியது. அஜய் தாக்கூர் தலைமையேற்றார். அந்தப் பருவமும் அடுத்ததும் தன் மண்டலத்தில் கடைசி இடம்.

2018 ஏலத்தில் நடந்த ஒரு வாங்கல் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. இந்தியாவின் முன்னணி ஆல்ரவுண்டர்களில் ஒருவரான மஞ்சித் சில்லரை தலைவாஸ் வெறும் 20 லட்சத்துக்கு எடுத்தது. முந்தைய ஆண்டு ஜெய்ப்பூர் அவருக்குக் கொடுத்தது 75.5 லட்சம். விலைக்கு நிகரான ஆட்டம் என்ற ஒற்றை அளவை எடுத்துக்கொண்டால், அணி ஏல மேசையில் செய்த மிகச் சிறந்த வாங்கல்களில் இது ஒன்று. அணி கடைசியாக வந்ததால் அந்தச் சிறப்பு கண்ணில் படாமல் போனது. பவன் வழக்கில் விளைவு முடிவைக் கறைப்படுத்தியது. மஞ்சித் வழக்கில் விளைவு முடிவை மறைத்துவிட்டது.

2019இல் ராகுல் சௌத்ரி 94 லட்சத்துக்கு வந்தார். அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர், ராகுல் சௌத்ரி என்று பெயர்ப்பலகை மின்னியது. அணி பன்னிரண்டில் பன்னிரண்டாவதாக வந்தது, பயிற்சியாளர் இ.பாஸ்கரன் பருவத்தின் நடுவிலேயே விலகினார். இந்த ஏலத்தைக் குறைசொல்வோரின் வாதம் வலுவானது. காரணம், அதைச் சொல்ல விளைவு தேவைப்படவில்லை. பெயர்களெல்லாம் லீக்கின் முதல் சில ஆண்டுகளில் ஒளிர்ந்தவை. அவர்களில் பலர் முப்பதை எட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். கபடியில் ரெய்டரின் கால்களே முதலீடு. பழைய புள்ளிகளுக்கு இன்றைய விலை கொடுக்கப்படுகிறது என்பதை ஏல நாளிலேயே சொல்லியிருக்கலாம்.

2021இல் அணி புதுப்பிக்கப்பட்டது. மஞ்சித் என்ற இளம் ரெய்டருக்கு 92 லட்சம், தற்காப்பு வீரர் சுர்ஜித் சிங்குக்கு 75 லட்சம், கே.பிரபஞ்சனுக்கு 71 லட்சம். மூன்று பேருக்கே 2.38 கோடி. முடிவு பதினோராவது இடம். ஆனால் சாகர் ராத்தி, சாஹில் குலியா போன்ற இளம் தற்காப்பு வீரர்கள் இதே காலத்தில்தான் அணியில் வேர்பிடித்தார்கள். அடுத்த ஆண்டின் எழுச்சிக்கு அடித்தளமிட்டவர்கள் இவர்களே.

இனி 2022. பவன் வெளியேறியபின் முதன்மை ரெய்டர் பொறுப்பு, புதிய இளம் வீரர்கள் பிரிவில் வந்திருந்த நரேந்தர் மீது விழுந்தது. அறிமுகப் பருவத்திலேயே அவர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். பருவத்தின் இடையில் ஜெ.உதயகுமாருக்குப் பதிலாக அஷன்குமார் பயிற்சியாளராக வந்தார். அணி ஐந்தாம் இடம் பிடித்து, எலிமினேட்டரில் உ.பி. யோத்தாவை டைபிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேரி பல்தனிடம் 37–39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.

அப்படியானால் பவனின் காயம் அணிக்கு நன்மையா? அமெரிக்க ஆய்வாளர்கள் பேரி ஸ்டா, ஹா ஹோங் இருவரும் 1995இல் வெளியிட்ட என்.பி.ஏ. ஆய்வு இங்கே பொருந்துகிறது. டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவர்களுக்கு, அவர்களது ஆட்டத்திறனைக் கணக்கில் கொண்டபின்னும், களத்தில் கூடுதல் நேரம் தரப்பட்டதை அவர்கள் கண்டார்கள். கொடுத்த விலையை நியாயப்படுத்த அணிகள் தொடர்ந்து அதே வீரரை இறக்குகின்றன. இந்த வாதத்தை நீட்டினால், பவன் ஆடியிருந்தால் நரேந்தருக்கு இத்தனை ரெய்டுகள் கிடைத்திருக்காது என்று சொல்லலாம். எதிர்வாதமும் அதே அளவு வலுவுடையது: இருவரும் சேர்ந்து ஆடியிருந்தால் அரையிறுதியில் இரண்டு புள்ளி போதாமல் போயிருக்குமா? நடக்காத ஆட்டத்துக்கு ஸ்கோர்போர்டு இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தப் பருவத்தின் சிறந்த தேர்வு, ஏலத்துக்கு வெளியே சில லட்சங்களில் நடந்திருந்தது.

2023இல் அணி பவனை விடுவித்து இளம் வீரர்களைத் தக்கவைத்தது. நிபுணர்களும் ரசிகர்களும் பொதுவாக மெச்சும் நிதானம் இது. விளைவு ஒன்பதாவது இடம். ‘அணியைக் கலைக்காதே, இளைஞர்களை வளர்’ என்ற கொள்கையை மறுக்க இது போதாது. அந்தக் கொள்கை மட்டுமே வெற்றியைத் தந்துவிடும் என்ற நம்பிக்கையை மறுக்கப் போதும். மறுபுறம், பவனை வாங்கிய தெலுங்கு டைட்டன்ஸ் அவரிடமிருந்து 202 ரெய்டு புள்ளிகளைப் பெற்றும் கடைசியாக வந்தது. 5 கோடி வரம்பில் பாதிக்கு மேல் ஒரே வீரருக்குப் போய்விட்டது. பவனை விட்டது தவறு என்போர் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024இல் நிதானம் கைவிடப்பட்டது. பாட்னா பைரேட்ஸில் பெயர் வாங்கிய சச்சின் தன்வருக்கு அந்த ஏலத்தின் உச்ச விலையான 2.15 கோடி போனது. மறுபடியும் ஒன்பதாவது இடம். அதே பருவத்தில், தன்வரை இழந்த பாட்னா, தேவாங்க் தலால், அயான் என்ற இரு இளைஞர்களின் ரெய்டுகளைக் கொண்டு இறுதிப்போட்டி வரை போனது. தலைவாஸின் மோசமான ஏல முடிவு என்று ஒன்றைச் சுட்டியாக வேண்டுமானால், பவன் வாங்கலைவிட இதற்கே ஆதாரம் கூடுதல். நரேந்தர் ஏற்கெனவே அணியில் இருக்க, இன்னொரு முன்னணி ரெய்டருக்கு வரம்பில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் செலவிடுவது அவசியமா என்ற கேள்வி ஏலத்தன்றே கேட்கக்கூடியதாக இருந்தது.

6. ஒரே வீரர், மூன்று அணிகள்

விலையே குற்றவாளி என்று இதிலிருந்து முடிவுகட்டினால் ஷாத்லூயி குறுக்கே நிற்பார். 2023இல் புனேரி பல்தன் அவருக்கு 2.35 கோடி கொடுத்தது, கோப்பை வென்றது. 2024இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடி கொடுத்தது. அதுவும் கோப்பை வென்றது. 2025இல் குஜராத் 2.23 கோடி கொடுத்தது. பிளேஆஃப் பக்கமே போகவில்லை. ஆள் ஒருவர், விலை ஏறக்குறைய ஒன்று, விளைவு நேரெதிர்.

புனேரியிடம் அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்று குறைந்த செலவில் வளர்த்தெடுத்த ரெய்டர்கள் முன்பே இருந்தார்கள். முந்தைய பருவத்தின் இறுதிப்போட்டியை ஆடிய அணி அது. ஷாத்லூயி அங்கே கடைசிச் செங்கல். தெலுங்கு டைட்டன்ஸில் பவனும் குஜராத்தில் ஷாத்லூயியும் அஸ்திவாரமாக இருக்க வேண்டியிருந்தது. ஏழு பேர் ஆடும் விளையாட்டில், அவுட்டான ரெய்டர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவரை உள்ளே கொண்டுவர மற்றவர்கள்தான் புள்ளி எடுக்க வேண்டும். மீதி ஆறு பேர் பலவீனமாக இருந்தால் இரண்டு கோடி வீரர் பெஞ்சில் காத்திருப்பார்.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சென்னை சூப்பர் கிங்ஸ் 2021இல் கே.கௌதமுக்கு 9.25 கோடி கொடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அணி கோப்பை வென்றது. 2023 பருவத்துக்கு பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி கொடுத்தது. அவர் ஆடியது இரண்டு ஆட்டம். அணி மீண்டும் கோப்பை வென்றது. அதே ஏலத்தில் 50 லட்சத்துக்கு எடுத்த அஜிங்க்ய ரஹானே 326 ரன்கள் குவித்தார். ஸ்டோக்ஸின் விலை மிகப் பெரிதாகத் தோன்றினாலும் 95 கோடி வரம்பில் அது ஏறக்குறைய 17 விழுக்காடுதான். பவனுக்கான 2.26 கோடி, வரம்பில் 51 விழுக்காடு. கிரிக்கெட் அணி ஒரு பெரிய தவறை விழுங்கிவிட முடியும். கபடி அணிக்கு அந்த வசதி இல்லை. ரூபாய்த் தொகையை வைத்து இரு விளையாட்டுகளின் ஏலங்களையும் ஒப்பிடும் பேச்சு இந்த விகிதத்தைத் தவறவிடுகிறது.

7. ‘நம்ம பையன்’ வாதம்

தலைவாஸ் மீது தமிழ்நாட்டில் நெடுநாளாக இருக்கும் குறை வேறு வகையானது: பெயரில் தமிழ், களத்தில் ஹரியானா. இதைப் பாசப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதன் சான்றுகளும் ஒரே திசையில் போகவில்லை.

தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னாவின் தலைவராகக் கோப்பை வென்றவர். அதன்பின் வேறு அணிகளுக்காக ஆடினார். தலைவாஸுக்காக ஒருமுறையும் ஆடவில்லை. பிறகு 2024இல்தான் பயிற்சிக் குழுவில் ஒருவராக வந்தார். தவறவிட்ட வாய்ப்பின் அடையாளமாக அவரைச் சொல்வதுண்டு. ஆனால் 2017இல் அவர் நாற்பதைக் கடந்தவர் என்பதையும் சேர்த்தே அந்த முடிவை எடைபோட வேண்டும். பிரபஞ்சன் வழக்கு இதைவிடக் கூர்மையானது. 2017இல் தலைவாஸில் இருந்த அவரை அணி விட்டது. 2019இல் கோப்பை வென்ற பெங்கால் வாரியர்ஸில் அவர் இருந்தார். 2021இல் தலைவாஸ் அவரை 71 லட்சம் கொடுத்து மீண்டும் அழைத்துவந்தது. வளரும் காலத்தில் கைவிட்டு, விலை ஏறியபின் வாங்கியது என்ற விமர்சனத்துக்கு இங்கே இடமுண்டு. தமிழ்நாட்டுத் தற்காப்பு வீரர் அபினேஷ் நடராஜன் புனேரியின் கோப்பை அணியில் ஆடியதும் இதே வரிசையில் வரும். எம்.அபிஷேக் தலைவாஸின் தற்காப்பில் நிலைத்து ஆடியது எதிர்ப்பக்கச் சான்று.

கிரிக்கெட்டிலும் இதே மனக்குறை உண்டு. சென்னையின் சாய் சுதர்சனை 2022இல் குஜராத் டைட்டன்ஸ் 20 லட்சத்துக்கு எடுத்தது. டிராஃப்ட் முறையைக் கைவிட்டு 2023இல் முதன்முறையாக ஏலம் நடத்திய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கோவை அணி அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் தந்த மதிப்பு ஐ.பி.எல். சம்பளத்தைவிடக் கூடுதல்! 2025 ஐ.பி.எல்.லில் 759 ரன்களுடன் அதிக ரன் எடுத்தவர் அவரே.

உள்ளூர் வீரர் வாதத்தை வெற்றி என்ற அளவால் மட்டும் அளப்பது அதன் பொருளைக் குறுக்கிவிடும். திண்டிவனம் பக்கத்து ஊர் ஒன்றில் மண் தரையில் பாடிப் பழகும் பதினெட்டு வயதுப் பையனுக்கு, தன் மாநில அணி எங்கிருந்து ஆள் எடுக்கிறது என்பது அட்டவணையில் எத்தனையாவது இடம் என்பதைவிடப் பெரிய செய்தி. உள்ளூர் வாதத்தையும் விலை வாதத்தையும் இணைக்கும் புள்ளி அந்த மூன்றாவது வாசல்தான். மாவட்டப் போட்டிகளைத் தேடிப்போய்ப் பார்க்க ஆகும் செலவு, ஏலத்தில் கைப்பலகையை இன்னொரு முறை தூக்குவதைவிடக் குறைவு. பவன் வாங்கலையும் நரேந்தர் ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்தால், தலைவாஸின் சொந்த வரலாறே இதற்குச் சான்று தருகிறது.

8. மதிப்பீட்டுக்கு நான்கு கேள்விகள்

இதுவரை பார்த்த வழக்குகளிலிருந்து ஒரு தேர்வை எடைபோட நான்கு கேள்விகளைத் திரட்டலாம். முடிவெடுத்த நாளில் அணிக்கு என்ன தெரிந்திருந்தது? செலவு வரம்பில் எத்தனை விழுக்காடு போனது, மீதி யாருக்கு எஞ்சியது? அந்த இடத்தில் ஆட ஏற்கெனவே கையில் யார் இருந்தார்கள்? அதே நாளில், அதே பணத்தில் வேறு யார் கிடைத்தார்கள்?

இவற்றால் அளந்தால் வழக்கமான பட்டியல் தலைகீழாகிறது. 2022இல் பவன் வாங்கல், விலையில் அபாயகரமானது. மோசமானது என்று சொல்ல ஆதாரம் போதாது. 2019இன் பெயர்க் குவிப்பும் 2024இன் தன்வர் வாங்கலும் அதைவிடப் பலவீனமான முடிவுகள். சிறந்தவற்றின் வரிசையில் 20 லட்ச மஞ்சித் சில்லரும், ஏலமே காணாத நரேந்தரும் முன்னால் நிற்கிறார்கள். இந்த வரிசைக்கும் வரம்பு உண்டு. அணித் தேர்வுக் குழுவின் அறைக்குள் நடந்த பேச்சு வெளியே வருவதில்லை. பயிற்சியாளர் மாற்றம், காயம், வீரர்களிடையே ஒற்றுமை ஆகியவற்றின் பங்கைத் தேர்விலிருந்து பிரித்தெடுக்கவும் முடியாது.

2025 ஏலம் இந்தக் கேள்விகளுக்கு அடுத்த தேர்வுத்தாள். அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, கூடவே, மூன்று ஆண்டுகளுக்கு முன் 2.26 கோடிக்கு வாங்கிய பவன் இம்முறை 59.5 லட்சத்துக்கு. இருவரும் சேர்ந்தும் வரம்பில் பாதியை எட்டவில்லை. ஏலத்தன்று பார்த்தால் அணியின் சமநிலையான வாங்கல்களில் ஒன்று. பருவத்தின் தொடக்கத்திலேயே, ஒழுங்குக் காரணத்துக்காகப் பவனை வீட்டுக்கு அனுப்பியதாக அணி அறிவித்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அணி முதல் எட்டுக்குள் வரவில்லை. ரசிகர் பட்டியலில் இது இப்போதே மோசமான முடிவுகளின் வரிசைக்குப் போய்விட்டது. முதல் மூன்று கேள்விகளுக்கும் இந்த வாங்கல் நன்றாகவே பதில் சொல்கிறது. நான்காவது கேள்விக்கு, அந்த 59.5 லட்சத்தில் அன்று வேறு எந்த ரெய்டர்கள் கிடைத்திருப்பார்கள் என்பதை ஏலப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.